திருமணிமுத்தாற்றங்கரை மார்க்கெட்: இடிப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

சேலம் டவுனில் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஒரு மார்க்கெட்டில் கால் வைத்துவிடலாம். வ.உ.சி. மார்க்கெட்டில் பூவும் காயும், சின்னக்கடை வீதியில் பழம், ஆனந்தா பாலத்துப் பக்கம் ஆற்றோரமாக நீளும் காய்கறிக் கடைகள். சற்றுத் தள்ளிப் போனால் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார். அங்கே அரிசி, பருப்பு, மிளகாய், புளி என்று மொத்த வியாபாரம். இவற்றுக்கெல்லாம் ஊடே திருமணிமுத்தாறு போகிறது. சேர்வராயன் மலையில் பிறந்து, சுகவனேசுவரர் கோயிலையும் கோட்டை மாரியம்மன் கோயிலையும் ஒட்டி ஓடி, உத்தமசோழபுரம் தாண்டி நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு. டவுனுக்குள் பல காலமாகச் சாக்கடையும் சாயக்கழிவும்தான் அதில் ஓடுகின்றன.

2016 செப்டம்பரில் சேலம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்த பிறகு இந்த வட்டாரத்தில் பாதி மாறிவிட்டது. பழைய பஸ் ஸ்டாண்டை இடித்தார்கள்; டவுன் பஸ்கள் கொஞ்ச காலம் போஸ் மைதானத்திலிருந்து ஓடின; 2023 ஜூனில் ஈரடுக்கு பஸ் நிலையம் திறந்தது. வ.உ.சி. மார்க்கெட்டும் இடித்துக் கட்டப்பட்டது. அந்த வேலைகளுக்கு மதிப்பெண் போடுவது இந்த ஆய்வின் வேலை இல்லை. மாறாமல் நிற்கும் மீதிப் பாதி, அதாவது ஆற்றோரத்துப் பழைய கடைகளும் அவற்றைச் சுற்றி உட்காரும் தரைக்கடைகளும், அடுத்து என்ன ஆக வேண்டும் என்ற வாதம்தான் இங்கே எடுத்துக்கொள்ளும் நிகழ்வு. திருச்சி, மதுரை, ஊட்டி என்று எந்த ஊரின் நடுமார்க்கெட்டை எடுத்தாலும் இதே வாதம் இதே வரிசையில்தான் வருகிறது.

நான்கு கட்சி

முதல் கட்சி: இடித்துவிட்டு அடுக்குமாடி வணிக வளாகம் கட்டலாம், கீழே வண்டி நிறுத்தம், மேலே கடைகள். மாநகராட்சிக்கு வாடகை வரும், நெரிசல் குறையும். பொறியாளர்களுக்கும் நிதிப் பிரிவுக்கும் பிடித்த யோசனை இது. தவறான யோசனை என்றும் சொல்ல முடியாது. பழைய கூரையில் மழை ஒழுகுவதும், மின்கம்பிகள் தொங்குவதும், பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை இல்லாததும் எல்லா ஊர் நடுமார்க்கெட்டிலும் இருக்கிற குறைதானே.

இரண்டாவது கட்சி: மார்க்கெட்டையே பைபாஸ் பக்கம் கொண்டுபோகலாம். லாரி ஊருக்குள் வர வேண்டியதில்லை. சென்னையில் கொத்தவால் சாவடியிலிருந்து 1996-ல் கோயம்பேட்டுக்குப் போகவில்லையா, மதுரையில் மீனாட்சி அம்மன் கோயில் பக்கத்து சென்ட்ரல் மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போகவில்லையா என்று உதாரணம் சொல்வார்கள்.

மூன்றாவது, ஆற்றின் கட்சி. கரையில் ஒன்றுமே வேண்டாம், நடைபாதையும் மரமும் போதும் என்பார்கள். நான்காவது, வியாபாரிகளின் கட்சி. எங்களை விட்டுவிடுங்கள், கழிப்பறையும் வடிகாலும் விளக்கும் போட்டுக் கொடுங்கள், அது போதும் என்பார்கள்.

இந்த நான்கையும் கேட்டுவிட்டு, இரண்டாவது ஆலோசனைக் கூட்டத்துக்குள் எல்லோரும் கட்டடத்தின் படத்தைப் பற்றி மட்டும் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். எத்தனை மாடி, எத்தனை கடை, எத்தனை கார். விவாதம் தடம் மாறுவது இங்கேதான் என்பது என் எண்ணம். மார்க்கெட் என்பது சதுர அடியில் மட்டும் நடப்பதில்லை, மணிக்கணக்கிலும் நடக்கிறது. அந்த மணிக்கணக்கை யாரும் வரைபடத்தில் குறிப்பதில்லை.

ஒரே தரை, பல ஆட்கள்

பூ வியாபாரத்திலிருந்து தொடங்கினால் சுலபமாகப் புரியும். குண்டுமல்லி மொட்டாக இருக்கும்போதே, விடிவதற்கு முன் பறிக்கப்பட்டு, விரிவதற்குள் விற்றுப்போக வேண்டும். பனமரத்துப்பட்டிப் பக்கத்து அரளியும் சாமந்தியும் சாக்கிலும் கூடையிலும் வந்து இறங்கும். பூ மண்டியில் கமிஷனுக்கு விற்பவர், கிலோ கணக்கில் வாங்கிப் போகும் சில்லறைக்காரர், அங்கேயே உட்கார்ந்து கட்டி முழமாக விற்கும் அம்மாக்கள் என்று மூன்று அடுக்கு. காலை ஒன்பது, பத்து மணிக்கு மொத்த வியாபாரத்தின் உயிர் போய்விடும். அதன் பிறகு அந்த இடம் வேறு யாருக்கோ சொந்தம்.

காய்கறியும் இப்படித்தான். தலைவாசல், ஒட்டன்சத்திரம், மேட்டுப்பாளையம் பக்கமிருந்து லோடு இறங்குவது நடு இரவிலும் அதிகாலையிலும். அந்த நேரத்தில் தெரு முழுக்கச் சுமைப்பணித் தொழிலாளர்களுடையது. ஏழு மணிக்கு மெஸ்காரர்களும் பெட்டிக்கடைக்காரர்களும் வருவார்கள். அப்புறம் வீட்டுக்கு வாங்குகிறவர்கள். மத்தியானம் ஓய்ந்து, சாயங்காலம் வேலை முடிந்து டவுன் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் வரும். கீரை, கறிவேப்பிலை, எலுமிச்சை விற்கும் தரைக்கடைப் பெண்களுக்கு இந்தச் சாயங்காலக் கூட்டம்தான் சோறு போடுகிறது. சித்திரை, வைகாசி வந்தால் இதே தரையில் மாம்பழக்காரர்கள் வந்து சேர்வார்கள். மல்கோவாவும் இமாம்பசந்தும் கூடையில் ஏறும். ஏற்காட்டிலிருந்து பலாவும் பேரிக்காயும் பட்டர் ஃப்ரூட்டும் அந்தந்தப் பருவத்தில் இறங்கும்.

ஆகவே மார்க்கெட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பகல் பதினோரு மணிக்குப் போய் எண்ணினால் கிடைக்கிற கணக்கு அரைக் கணக்குதான். விடியற்காலை மூன்று மணிக்கு இருப்பவர் பதினோரு மணிக்கு இருக்க மாட்டார். சர்வே எடுக்கப் போகிறவர்களுக்கு ஆபீஸ் நேரம் பத்து மணிக்குத்தான் தொடங்குகிறது என்பது ஒரு சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பட்டியலில் இடம்பெறாதவர் யார் என்பதை அந்தச் சின்ன விஷயமே தீர்மானித்துவிடுகிறது.

வாடகைக் கணக்கு

அடுக்குமாடி வளாகத்தின் பக்கம் பேசுகிறவர்கள் வைக்கும் வலுவான வாதம் வருமானம். அதை எண்ணில் போட்டுப் பார்க்கலாம். கீழே உள்ள தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, எந்த மார்க்கெட்டின் உண்மைக் கட்டணமும் இல்லை.

100 சதுர அடிக் கடைக்கு மாதம் 5,000 ரூபாய் வாடகை என்றால் சதுர அடிக்கு 50 ரூபாய். தரைக்கடைக்காரர் நான்கடிக்கு நான்கடி இடத்தில், அதாவது 16 சதுர அடியில் உட்கார்ந்து தினம் 20 ரூபாய் சுங்கம் கட்டுகிறார் என்று வைப்போம். மாதம் 600. சதுர அடிக்கு 37 ரூபாய் 50 காசு. அதே 16 சதுர அடியில் காலையில் பூக்காரரும் சாயங்காலம் கீரைக்காரரும் உட்கார்ந்தால் 75 ரூபாய் ஆகிவிடும். கதவும் ஷட்டரும் மின்விசிறியும் கூரையும் இல்லாத அந்த இடம், ஷட்டர் போட்ட கடையைவிட ஒன்றரை மடங்கு கொடுக்கிறது. தினசரி வசூல் குத்தகைக்கு விடப்படும் இடங்களில் குத்தகைதாரர் கைக்குப் போகிற தொகை எவ்வளவு, மாநகராட்சிக் கணக்கில் ஏறுகிற தொகை எவ்வளவு என்பது வேறு கேள்வி. ஆனால் தரைக்கடைகளால் வருமானம் இல்லை என்கிற பேச்சு இந்தக் கணக்கின் முன் நிற்காது.

மாடியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். தக்காளி வாங்க யாரும் படி ஏற மாட்டார்கள். 50 கிலோ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறுகிறவருக்கு ஒவ்வொரு படிக்கும் கூலி கேட்க உரிமை உண்டு; அந்தக் கூலி விலையில் ஏறும்; விலை ஏறினால் வாங்குகிறவர் கீழேயே தள்ளுவண்டியில் வாங்கிக்கொள்வார். மாடிக் கடை துணிக்கும் செல்போன் கவருக்கும் சரி. அதைக் கட்டுவதாக இருந்தால் காய்கறி மார்க்கெட் கட்டுகிறோம் என்று சொல்லாமல் துணிக்கடை வளாகம் கட்டுகிறோம் என்று சொல்லிக் கட்டலாம்.

ஏலம் இன்னொரு சிக்கல். புதுக் கட்டடம் வந்ததும் பொது ஏலம் விட்டால் அதிகம் கேட்பவருக்குக் கடை போகும். கேட்டவர் அதில் உட்கார மாட்டார், உள்வாடகைக்கு விடுவார். பழைய வியாபாரியே அதே இடத்துக்கு இரண்டு கை மாறிய வாடகை கொடுத்துத் திரும்பி வருவார், அல்லது வாசலில் தரைக்கடை போடுவார். பளபளப்பான மார்க்கெட்டுக்கு வெளியே ரோட்டில் வியாபாரம் நடப்பதைப் பார்த்து நாம் ஆச்சரியப்படுவதில் அர்த்தமில்லை.

ஆற்றுக்கும் நேரம் உண்டு

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்குள். அந்தச் சரிவில் பெய்கிற மழை நகரத்துக்கு வந்து சேர அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையேறிய பின் ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்தது. திருமணிமுத்தாற்றில் வெள்ளம் வந்தது. வருடத்தில் முக்கால்வாசி நாள் கறுப்பு நீர் மெதுவாக ஊர்கிற வாய்க்கால், சில நாட்களில் மலையாறாகிவிடும்.

இந்த முக்கால்வாசி நாளைப் பார்த்துத்தான் ஆற்றின் மேல் கான்கிரீட் பலகை போட்டு மூடி, மேலே வண்டி நிறுத்தலாம் என்ற யோசனை அடிக்கடி கிளம்புகிறது. நெரிசலான டவுனில் காலி இடமாகத் தெரிவது அது ஒன்றுதானே. மூடினால் என்ன ஆகும்? உள்ளே எந்தப் பட்டறையின் குழாய் வந்து விழுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. தூர் வார இயந்திரம் இறங்க முடியாது. வாய்ப்பகுதியில் பிளாஸ்டிக்கும் வாழை மட்டையும் பூச்சாக்கும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பலகைக்கு மேலே, கடைகளுக்குள் வரும். தென்கொரியாவின் சோல் நகரத்தில் செங்கேசியோன் ஓடையை மூடி, அதன் மேல் மேம்பாலமும் போட்டிருந்தார்கள். 2003-ல் அதை இடிக்க ஆரம்பித்து 2005-ல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். உலகம் திறந்துகொண்டிருக்கும்போது நாம் மூட வேண்டாம். அந்த ஓடைக்கரையில் இருந்த நடைபாதை வியாபாரிகளைப் பக்கத்து விளையாட்டரங்கத்துக்கு மாற்றி, பிறகு அந்த அரங்கத்தையும் இடித்து மறுபடி கிளப்பினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆறு பிழைத்தது, வியாபாரி இரண்டு முறை இடம் பெயர்ந்தார்.

ஆற்றின் கட்சி சொல்வதில் ஒரு பகுதியை நான் முழுதாக ஏற்கிறேன். வெள்ளம் தொடுகிற கோட்டுக்குள் நிரந்தரக் கட்டடம் எதுவும் கூடாது. ஆனால் காலையில் வந்து மாலையில் கூடையோடு கிளம்புகிற தரைக்கடை கட்டடம் இல்லை. வெள்ளம் வருகிற நாளில் அது இடத்தைக் காலி செய்துவிடும், ஷட்டர் போட்ட கடைக்கு அந்த வசதி கிடையாது. கரையில் யாருக்கு இடம் தரலாம் என்று கேட்டால் நம் திட்டங்கள் சொல்வதற்கு நேர்மாறான பதில் வருகிறது: கான்கிரீட் தள்ளிப் போகட்டும், கூடை கரையில் இருக்கட்டும். மார்க்கெட் கழிவு ஆற்றில் விழாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு உண்டு. காய்கறிக் கழிவைத் தனியாக எடுத்து உரமாக்குவது கடினமான தொழில்நுட்பம் எதுவும் இல்லை, தினமும் வண்டி வர வேண்டும், அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது

தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் 2014-ல் வந்தது. சர்வே எடுத்து, விற்பனைச் சான்று கொடுத்து முடிக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. இந்தச் சட்டத்தின்படி ஊர்தோறும் அமைக்க வேண்டிய நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இடமாற்றம் செய்வதானால் 30 நாள் முன்னறிவிப்பு. இவை ஓரளவு எல்லோருக்கும் தெரிந்தவை.

அதிகம் பேசப்படாதது அந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. இயல்பாக உருவாகி, 50 ஆண்டுக்கு மேல் தெரு வியாபாரிகள் வியாபாரம் செய்து வரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ள தெரு வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது. சேலம் டவுன் ஆற்றோரத்தில் எந்தப் பகுதி இந்த வரையறைக்குள் வரும் என்று முதலில் தீர்மானித்தால் இடிப்பது பற்றிய பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும். இதைத் தீர்மானிக்காமல் படம் வரைய ஆரம்பிப்பது, பின்னாளில் நீதிமன்றத்தில் தடை வாங்குவதற்கு நாமே வழி செய்து கொடுப்பது.

சான்றும் அடையாள அட்டையும் வெறும் காகிதம் இல்லை என்பதை 2020 காட்டியது. அந்த ஆண்டு ஜூனில் தெரு வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் வரை முதல் கடன் தரும் ஸ்வநிதி திட்டம் வந்தபோது, சான்றோ அட்டையோ உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதமோ கேட்டார்கள். ஒன்றும் இல்லாதவர் தின வட்டிக்காரரிடம்தான் போனார்.

மற்ற ஊர்களில் நடந்தது

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு மாற்றாக மதுரை ரோட்டில் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாயில் புது மார்க்கெட் கட்டி 2017-ல் திறந்தார்கள். வியாபாரிகள் போகவில்லை. தூரம், கடையின் அளவு, மொத்தத்தையும் சில்லறையையும் பிரித்தால் இரண்டும் படுத்துவிடும் என்ற பயம் என்று காரணங்கள் சொன்னார்கள். போராட்டம், வழக்கு, தடை என்று வருடங்கள் போயின. கட்டடம் காலியாக நின்றது. பைபாஸுக்குப் போகலாம் என்கிற நம் இரண்டாவது கட்சிக்காரர்கள் கோயம்பேட்டைச் சொல்லும்போது கள்ளிக்குடியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சேலத்தில் தரைக்கடைக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவந்து விடுவது டவுன் பஸ். மார்க்கெட் மட்டும் தனியாகப் போனால் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் கூடவே போகாது.

அகமதாபாத் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அது ஆற்றங்கரை. சபர்மதிக் கரையில் எல்லிஸ் பாலத்தின் கீழ் ஞாயிறுதோறும் கூடும் குஜரி பஜாரை ஆற்றங்கரை மேம்பாட்டுத் திட்டம் கிளப்பப் பார்த்தது. வியாபாரிகள் சங்கம் உயர் நீதிமன்றம் போனது. அதோடு நிற்காமல், கல்வி நிறுவனங்களின் துணையோடு தாங்களே ஒரு மாற்றுத் திட்டம் வரைந்து நீட்டினார்கள். கடைசியில் 2014-ல் அதே கரையில், பக்கத்திலேயே மேடைகளும் மர நிழலுமாகப் புது இடம் கிடைத்தது. எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல மாட்டேன். ஆனால் சந்தை சாகவில்லை, ஞாயிற்றுக்கிழமை இன்னும் கூடுகிறது.

நேரெதிர் உதாரணத்துக்கு அமெரிக்கா போகலாம். ஜாக்சன்வில் நகரத்தின் நடுவில், செயின்ட் ஜான்ஸ் ஆற்றங்கரையில் 1987-ல் ‘லேண்டிங்’ என்ற வணிக வளாகம் திறந்தார்கள். ஆற்றைப் பார்த்தபடி சாப்பாட்டுக் கடைகளும் துணிக்கடைகளும். டவுனுக்கே உயிர் வரும் என்ற நம்பிக்கை. வருடங்கள் போகப் போகக் கடைகள் காலியாகின, கட்டடம் யாருடையது, நிலம் யாருடையது என்று நகராட்சிக்கும் உரிமையாளருக்கும் இழுபறி. 2019-ல் 15 மில்லியன் டாலர் கொடுத்து அந்தச் சண்டையைத் தீர்த்து, கட்டடத்தை இடித்து, இடத்தைப் பூங்காவாக்கும் வேலையில் இறங்கினார்கள். தினமும் வந்தாக வேண்டிய காரணம் இல்லாத வளாகத்துக்கு ஆறு மட்டும் ஆள் கொண்டுவராது. நமக்கு அந்தக் காரணம் ஏற்கெனவே இருக்கிறது: பூ நாளைக்கு வாடிவிடும், கீரை சாயங்காலமே துவண்டுவிடும்.

நான் எடுக்கும் முடிவு

இடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒழுகும் கூரையைப் பாரம்பரியம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை, அதன் கீழ் உட்கார்ந்து விற்கிறவருக்கும் வராது. முன்னால் வர வேண்டியதை முன்னால் செய்யச் சொல்கிறேன்.

கட்டடப் படத்துக்கு முன், இருபத்துநான்கு மணி நேர சர்வே. ஆடியில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை, மாம்பழக் காலத்தில் ஒரு முறை. ஒவ்வொரு இடத்திலும் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை யார் என்ற பட்டியல், அதன் மேல் விற்பனைச் சான்று. வெள்ளக் கோட்டைக் கல் நட்டுக் குறிப்பது. பாரம்பரியச் சந்தைக் கேள்வியை நகர விற்பனைக் குழுவில் தீர்மானமாக எழுதி முடிப்பது. பிறகு படம் வரையலாம்: தரைத்தளம் முழுக்கக் காய்க்கும் பூவுக்கும், ஷட்டர் கடைகளுக்கு நடுவே கூரை போட்ட திறந்த மேடை, லோடு இறக்க இரவு நேரத்துக்குத் தனி வழி, மாடி வேண்டுமென்றால் அது வேறு வியாபாரத்துக்கு. பழைய கடைக்காரருக்கும் சான்று வைத்திருக்கும் தரைக்கடைக்காரருக்கும் முதல் உரிமை, மீதிக்கு மட்டும் ஏலம், உள்வாடகை பிடிபட்டால் ரத்து.

கடைசியில் எந்த மாதம் கிளப்புவது என்ற கேள்வி வரும். அதில்தான் எல்லாத் திட்டமும் இடறுகிறது. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா, குகையில் வண்டி வேடிக்கை. பூக்காரரைத் தொடவே முடியாது. ஆவணியில் முகூர்த்தங்கள், அப்புறம் ஆயுத பூஜை, கார்த்திகை வரை மழை, தை பிறந்தால் பொங்கலும் மறுபடி கல்யாணங்களும், சித்திரையில் மாம்பழம். தொந்தரவு இல்லாத மாதம் என்று ஒன்று காலண்டரில் கிடையாது. ஆற்றுக்குள் செய்கிற வேலையை மாசியில் ஆரம்பித்து வைகாசிக்குள் முடித்துவிடலாம், மழைக்கு முன் அது ஒன்றுதான் நீளமான இடைவெளி. மார்க்கெட்டை ஒரே நாளில் காலி செய்யாமல் மூன்று துண்டாகப் பிரித்து, காய்கறியை முதலிலும் பழத்தை மாம்பழம் முடிந்த ஆனிக்குப் பிறகும், பூவைக் கடைசியாக, கல்யாணம் இல்லாத மார்கழியிலும் நகர்த்தலாம். தற்காலிக இடம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்துக்குள் இல்லை என்றால் முதல் துண்டையும் கிளப்பக் கூடாது.